எண்ணெய் வித்துக்களில் லினோலிக் அமிலம்: அதன் பயனும் அதனைக் காக்கும் முறையும்

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து வெண்மையாய் நிற்பதையும், அதன் அருகே வைத்த நல்லெண்ணெய் சற்றும் உறையாதிருப்பதையும் காணாத குடும்பம் நம்மிடையே இல்லை. எண்ணெய்ச் செம்பின் விளிம்பில் வடிந்த எண்ணெய் நாளடைவில் பிசினைப்போல் ஒட்டிக்கொள்வதையும், திரித்து வைத்த கம்பு மாவு சில தினங்களிலேயே கசந்துபோவதையும், ஈரத்தோடு மூட்டை கட்டிய நிலக்கடலைப் பருப்பு காறல் வாடை வீசுவதையும் யாவரும் அறிவர். இவை ஒன்றோடொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றினும், ஆராய்ந்து பார்க்குமிடத்து இவையனைத்திலும் ஒரு பொருளின் கை இருப்பது புலனாகும். அப்பொருளுக்கு லினோலிக் அமிலம் என்று பெயர்.

இவ்வமிலம் நம் சரீரத்திற்கு இன்றியமையாதது. ஆயினும் வித்துக்களிலும் எண்ணெயிலும் முதலில் கெடுவதும் இதுவே. இவ்விரண்டு குணங்களுக்கும் காரணம் ஒன்றே என்பதையும், அக்காரணத்தை அறிந்த குடியானவர் தம் சரக்கை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதையும் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

எண்ணெயின் அமைப்பு

எவ்வகை எண்ணெயாயினும் அதன் பெரும்பகுதி ஒரே விதமான அமைப்பை உடையது. ஒரு கிளிஸரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்து எண்ணெயின் ஒரு மூலக்கூறு ஆகின்றது. கிளிஸரின் எல்லா எண்ணெய்களுக்கும் பொது. எண்ணெய்க்கு எண்ணெய் காணப்படும் வேற்றுமை பெரும்பாலும் கொழுப்பமிலங்களால் விளைவதாகும்.

கொழுப்பமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாய்க் கோத்த ஒரு சங்கிலி. ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் நான்கு கைகள் உண்டெனக் கொள்க. முன்னும் பின்னும் உள்ள கார்பன்களை இரு கைகளாற் பற்றிக்கொண்டு, எஞ்சிய இரு கைகளால் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை அது பிடித்திருக்கும். எல்லாக் கைகளும் இவ்வாறு நிரம்பியிருப்பின் அது நிறைவுற்ற கொழுப்பமிலம் எனப்படும். அடுத்தடுத்துள்ள இரு கார்பன்கள் ஒவ்வொரு ஹைட்ரஜனைக் கைவிட்டு, ஒன்றையொன்று இரு கைகளாலும் பற்றிக்கொள்ளுமாயின் அவ்விடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகின்றது. அத்தகைய அமிலம் நிறைவுறாதது எனப்படும்.

18 கார்பன்களையுடைய அமிலங்கள் நான்கினை ஒப்பிட்டுப் பார்ப்போம். இரட்டைப் பிணைப்பு ஒன்றும் இல்லாதது ஸ்டீயரிக் அமிலம்; ஒன்று உடையது ஓலீயிக் அமிலம்; இரண்டு உடையது லினோலிக் அமிலம்; மூன்று உடையது லினோலெனிக் அமிலம். கடைசி இரண்டின் பெயர்களும் ஒத்திருப்பினும் பொருள்கள் வெவ்வேறு என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். லினோலிக் அமிலத்தில் 18 கார்பன், 32 ஹைட்ரஜன், 2 பிராணவாயு அணுக்கள் உள்ளன. அமில முனையிலிருந்து எண்ணினால், 9ஆவது கார்பனுக்கும் 10ஆவதற்கும் இடையில் ஓர் இரட்டைப் பிணைப்பும், 12ஆவதற்கும் 13ஆவதற்கும் இடையில் மற்றொன்றும் அமைந்துள்ளன. நடுவே அகப்பட்டிருக்கும் 11ஆவது கார்பனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இரட்டைப் பிணைப்பு உள்ள இடந்தோறும் சங்கிலி வளைகின்றது. நேரான மூங்கில்களை வண்டியில் நெருக்கி அடுக்கலாம்; கோணலான கருவேலங் கிளைகளை அவ்வாறு அடுக்க இயலாது. அதுபோலவே நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்குண்டு எளிதில் உறைகின்றன; வளைந்தவை உறைவதில்லை. ஸ்டீயரிக் அமிலம் சுமார் 69 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில்தான் உருகும். ஓலீயிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். லினோலிக் அமிலமோ, நீர் உறையும் நிலைக்குக் கீழே 5 டிகிரி வரையிலும் திரவமாகவே இருக்கும். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற அமிலங்களே மிகுதி. நல்லெண்ணெயில் நிறைவுறாதவை மிகுதி. மார்கழிக் குளிரில் ஒன்று உறைவதும் மற்றொன்று உறையாததும் இதனாலேயாம்.

பெயர் வந்த வரலாறு

1844ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன சாஸ்திரி லீபிக் என்பவருடைய பரிசோதனைச் சாலையில் ஸாக் என்பவர் ஆளிவிதை எண்ணெயிலிருந்து இவ்வமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஆளிச்செடிக்கு லத்தீன் மொழியில் லீனம் என்றும், எண்ணெய்க்கு ஓலியம் என்றும் பெயர். அவ்விரண்டும் சேர்ந்தே இப்பெயர் பிறந்தது. இதில் இரட்டைப் பிணைப்பு இரண்டு உண்டென்பதை 1886இல் பீட்டர்ஸ் என்பவர் கண்டார். அவை சங்கிலியில் எவ்விடத்தில் உள்ளன என்பதை 1939இல் ஹில்டிச்சும் அவருடன் உழைத்தோரும் நிச்சயித்தனர்.

உடலுக்கு இதன் அவசியம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொழுப்பு என்பது உடலுக்கு உஷ்ணமும் சக்தியும் தரும் பொருள் மாத்திரமே என்றும், சில வைட்டமின்களைச் சுமந்து வருவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை என்றும் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். இவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் பர் என்பவரும் அவருடைய மனைவியார் மில்ட்ரெட் பர் என்பவருமாவர். சர்க்கரை, பாலிலிருந்து எடுத்துச் சுத்தி செய்த புரதம், உப்புக்கள், வைட்டமின்கள் ஆகிய யாவும் கொடுத்து, கொழுப்பை மட்டும் அடியோடு விலக்கி எலிகளை அவர்கள் வளர்த்தனர். அவ்வெலிகளின் தோல் செதிலுதிர்ந்தது, வால் புண்பட்டு அழுகியது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, இனவிருத்தியும் குன்றிற்று. நீரை மிகுதியாய்க் குடித்தும் அவற்றின் உடலில் நீர் தங்கவில்லை. நிறைவுற்ற கொழுப்பமிலங்களை ஊட்டியபோது குணம் ஏற்படவில்லை. லினோலிக் அமிலத்தை ஊட்டியபோதோ நோய் நீங்கிற்று. 1929, 1930ஆம் ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளியாயின. உணவிலிருந்தே வரவேண்டிய இன்றியமையாத கொழுப்பமிலம் என்னும் கொள்கை அன்று தோன்றியதே.

குழந்தைகள் விஷயத்திலும் இவ்வுண்மை பின்னர் உறுதிப்பட்டது. அமெரிக்க வைத்தியர் ஹான்ஸென் என்பவரும் அவருடைய துணைவர்களும், பலவகைக் கொழுப்புக்கள் சேர்ந்த பால் உணவை உண்ட 428 சிசுக்களைக் கவனித்து 1963இல் தம் முடிவை வெளியிட்டனர். லினோலிக் அமிலம் மிகக் குறைந்த உணவை உண்ட சிசுக்களின் தோல் வறண்டு தடித்துச் செதிலுதிர்ந்தது. அவ்வமிலம் சேர்ந்த உணவால் அக்குறை நீங்கியது.

உடலில் இது செய்யும் வேலைகள் மூன்று வகைப்படும். முதலாவது, உடலின் ஒவ்வொரு நுண்ணறையைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்விலும் இது அங்கமாய் நின்று, அச்சவ்வு விறைத்துப்போகாமல் இளக்கமாய் இருக்கச் செய்கின்றது. இரண்டாவது, தோலின் மேற்புறத்தில் உடலின் நீரை வெளியே விடாமல் காக்கும் ஓர் அடுக்கு உண்டு. அவ்வடுக்கைக் கட்டுவதற்கு லினோலிக் அமிலமே வேண்டும். வேறு அமிலம் அதற்கு ஈடாகாது. பர் தம்பதிகளின் எலிகள் எவ்வளவு குடித்தும் உடலில் நீர் தங்காதது இதனாலேயாம். மூன்றாவது, உடல் இவ்வமிலத்தின் சங்கிலியை நீட்டி, 20 கார்பன்களும் நான்கு இரட்டைப் பிணைப்புக்களும் உள்ள அரக்கிடோனிக் அமிலமாய் மாற்றி, அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்களை ஆக்கிக்கொள்கின்றது. இரத்தம் உறைதல், காயம்பட்ட இடம் வீங்குதல், பிரசவ காலத்தில் கருப்பை சுருங்குதல் ஆகியவற்றை இவை நடத்துகின்றன. இவற்றை ஆராய்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஸாமுவெல்ஸன், வேன் என்னும் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பசுக்களின் சினைப்பருவத்தை ஒழுங்குபடுத்தக் கால்நடை வைத்தியர் போடும் ஊசி மருந்துகளில் புரோஸ்டாகிளாண்டின் வகையும் ஒன்றென்பதைக் குடியானவரிற் பலர் அறிந்திருக்கலாம்.

உடல் இவ்வமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளலாகாதோ எனின், ஆகாது. சங்கிலியின் 9ஆவது இடத்தில் இரட்டைப் பிணைப்பை இடும் வல்லமை மனிதனுக்கும் மிருகங்களுக்கும் உண்டு. 12ஆவது இடத்தில் இடும் வல்லமை இல்லை. அவ்வல்லமை பயிர்களுக்கு உண்டு. ஆகவே நம் நிலத்தில் எள்ளும் கடலையும் சூரியகாந்தியும் செய்யும் வேலையை நம் உடல் செய்ய மாட்டாது.

இனி, எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்ப்போம். நாளொன்றுக்கு உண்ணும் உணவின் மொத்தச் சக்தியில் நூற்றுக்கு 2.5 பங்கு இவ்வமிலத்திலிருந்து கிடைப்பின் குறைநோய் வாராது. 2000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 5.5 கிராம் ஆகும். 15 கிராம் நல்லெண்ணெயில் இவ்வளவும் அடங்கும். தானியங்களிலும் பருப்புக்களிலும் சிறிது உண்டு. ஆதலின் எண்ணெயை மிகுதியாய் உண்ண வேண்டும் என்று இதனால் ஏற்படவில்லை. மேலும், லினோலெனிக் அமிலமும் உடலுக்கு இன்றியமையாததே. அஃது ஆளிவிதையில் மிகுதியாயும், கீரைகளிற் சிறிதளவும் உண்டு. மீனில் அவ்வினத்தைச் சேர்ந்த நீண்ட அமிலங்கள் உள்ளன. இரண்டும் ஒரே வழியாய் உடலில் மாற்றம் அடைவதால், ஒன்று மிதமிஞ்சின் மற்றொன்றுக்கு இடம் குறையும். நல்லெண்ணெயோடு கீரையும், கிடைக்குமிடத்தில் மீனும் சேர்ந்த உணவே நல்லது.

எந்த எண்ணெயில் எவ்வளவு?

சாதாரண இரகங்களில் எண்ணெய் நூற்றுக்கு லினோலிக் அமிலத்தின் அளவு ஏறத்தாழ வருமாறு:

குசும்பா எண்ணெய்: 70க்கு மேல்
சூரியகாந்தி எண்ணெய்: 50 முதல் 65 வரை
பருத்திக்கொட்டை எண்ணெய், மக்காச்சோள எண்ணெய், சோயா எண்ணெய்: சுமார் 50
நல்லெண்ணெய்: 40 முதல் 45 வரை
தவிட்டெண்ணெய்: 30 முதல் 35 வரை
கடலையெண்ணெய்: 20 முதல் 35 வரை
பனையெண்ணெய்: சுமார் 10
ஆமணக்கெண்ணெய்: சுமார் 4
தேங்காயெண்ணெய், நெய்: சுமார் 2

இவ்வளவு இரகத்தாலும் பருவத்தாலும் மாறும். சூரியகாந்தியில் விதை முதிரும் காலம் குளிர்ச்சியாயிருப்பின் லினோலிக் அமிலம் மிகும். வெப்பமாயிருப்பின் அது குறைந்து ஓலீயிக் அமிலம் மிகும். நிலக்கடலையில் ஓலீயிக் அமிலம் நூற்றுக்கு 80 பங்கு அளவில் உள்ள கிர்னார் 4, கிர்னார் 5 என்னும் இரகங்கள் இந்திய ஆராய்ச்சியாளர்களால் உண்டாக்கப்பட்டுள்ளன. அவற்றில் லினோலிக் அமிலம் மிகக் குறைவு. ஆகவே பருப்பும் எண்ணெயும் நெடுநாள் காறாமல் இருக்கும். எனினும் இன்றியமையாத அமிலம் அவ்வெண்ணெயிற் குறைவாதலின், அதனை உண்போர் மற்ற உணவுகளிலிருந்து அதைப் பெறவேண்டியிருக்கும்.

இரட்டைப் பிணைப்புக்களின் அளவை அயோடினைக் கொண்டு அளக்கலாம். இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் அயோடின் போய்ச் சேரும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கின்றதோ அதுவே அவ்வெண்ணெயின் அயோடின் எண். தேங்காயெண்ணெய்க்கு 7.5 முதல் 10 வரையும், கடலையெண்ணெய்க்கு 85 முதல் 99 வரையும், நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120 வரையும் இருக்கும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்குக் குறையாது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுச் சாலைகளில் இவ்வெண்ணும் பயன்படுகின்றது.

கால்நடையும் கோழியும்

பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தின்னும் பசுவின் நெய்யில் இவ்வமிலம் நூற்றுக்கு 2 பங்கே இருப்பது ஏன் என்று கேட்கலாம். பசுவின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இரட்டைப் பிணைப்புக்களில் ஹைட்ரஜனைச் சேர்த்து, லினோலிக் அமிலத்தின் பெரும்பகுதியை நிறைவுற்றதாய் மாற்றிவிடுகின்றன. எண்ணெய்ச் சத்து மிகுந்தால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நலிந்து, பாலில் கொழுப்பும் குறையும். ஆகையால் கறவை மாடுகளுக்கு எண்ணெயையோ எண்ணெய் வித்தையோ அளவின்றிக் கொடுத்தல் தகாது. கோழியின் வயிற்றில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் நூற்றுக்கு 1 பங்கு லினோலிக் அமிலம் வேண்டும். குறைந்தால் முட்டை சிறுத்துவிடும். மக்காச்சோளத்திலிருந்து இது கிடைத்துவிடும். மக்காச்சோளத்திற்குப் பதிலாக மரவள்ளி மாவைச் சேர்ப்போர், சிறிது எண்ணெயோ தவிடோ கூட்டிச் சேர்த்தல் நலம்.

கெடும் விதம்

எண்ணெய் இரண்டு வழிகளில் கெடுகின்றது. முதல் வழி ஈரத்தால் வருவது. வித்துக்களில் லிப்பேஸ் என்னும் நொதிப்பொருள் இயற்கையாகவே உண்டு. பூஞ்சணங்களும் அதை உண்டாக்கும். ஈரம் கிடைத்தால் இது கிளிஸரினையும் கொழுப்பமிலங்களையும் பிரித்துவிடும். தனித்துநின்ற அமிலங்கள் எண்ணெய்க்குப் புளிப்பையும் கசப்பையும் தரும். முழு வித்தில் எண்ணெயும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. உடைந்தாலோ அரைபட்டாலோ இரண்டும் கலந்துவிடும். கம்பு தானியமாய் இருக்கும்வரை கெடாது. மாவானவுடன் கசப்பது இதனால்தான். பச்சரிசித் தவிட்டின் நிலையும் இதுவே. ஆலையில் தீட்டிய நேரந்தொட்டு அது கெடத்தொடங்கிச் சில நாட்களில் சமையலெண்ணெய்க்கு உதவாததாய்விடும். நெல்லைப் புழுக்கும் உஷ்ணத்தில் நொதி அழிந்துவிடுவதால் புழுங்கலரிசித் தவிடு இவ்வகையில் விரைவிற் கெடுவதில்லை. அதில் எண்ணெயும் கூடுதல்.

இரண்டாவது வழி காற்றால் வருவது. இங்கேதான் முன்னர்க் கூறிய 11ஆவது கார்பன் முக்கியமாகின்றது. இருபுறமும் இரட்டைப் பிணைப்புக்கள் நிற்க நடுவே உள்ள அக்கார்பனிடத்தில் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கும். உஷ்ணம், வெளிச்சம், செம்பு, இரும்பு ஆகியவற்றுள் ஒன்று தூண்டினாற் போதும். அந்த ஹைட்ரஜன் கழன்றுவிடும். கழன்றபின் காற்றிலுள்ள பிராணவாயு சங்கிலியில் வந்து ஒட்டும். அவ்வாறு ஒட்டியது அடுத்த மூலக்கூற்றின் ஹைட்ரஜனைப் பறிக்கும். அஃது அதற்கடுத்ததைக் கெடுக்கும். பாலிலிட்ட உறைமோர் பாலனைத்தையும் தயிராக்குவது போலச் சிறிதளவு கெட்ட எண்ணெய் நல்லெண்ணெய் முழுவதையும் கெடுத்துவிடும். இறுதியில் சங்கிலிகள் துண்டுபட்டு, ஆவியாகும் சிறு பொருள்களாய் மாறுகின்றன. நம் மூக்கிற்குச் சிக்கு வாடையாய்த் தெரிவது அவையே. சில சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகின்றன. செம்பின் விளிம்பில் ஒட்டுவது அதுவே. ஆளிவிதை எண்ணெய் பூசிய கதவு உலர்ந்து பளபளப்பதும் இக்குணத்தாலேயாம்.

ஓலீயிக் அமிலத்தைக் காட்டிலும் லினோலிக் அமிலம் பத்து மடங்குக்கு மேல் விரைவாய் இவ்வாறு கெடும். எந்த இரட்டைப் பிணைப்புக்களால் இது உடலுக்கு இன்றியமையாததாயிற்றோ, அப்பிணைப்புக்களாலேயே இது எளிதிற் கெடுவதுமாயிற்று. கெட்டபின் அது லினோலிக் அமிலமாய் இராது. அதனால் ஊட்டமும் இல்லை, சுவையும் இல்லை. கெட்டதால் உண்டாகும் பொருள்களுட் சில உடலுக்குத் தீங்கும் செய்யும்.

இவ்விடத்தில் நல்லெண்ணெயைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். நூற்றுக்கு 40 பங்கிற்கு மேல் லினோலிக் அமிலம் இருந்தும், கடலையெண்ணெயைவிட அது நெடுநாள் நிற்பது எங்ஙனம்? எள்ளில் ஸெஸமின், ஸெஸமோலின் என்னும் பொருள்களும், டோகோஃபெரால் எனப்படும் வைட்டமின் ஈ வகையும் உள்ளன. உஷ்ணம் பட்டால் ஸெஸமோலினிலிருந்து ஸெஸமால் உண்டாகின்றது. ஸெஸமாலும் டோகோஃபெராலும் தம் ஹைட்ரஜனைத் தாமே கொடுத்து, கேடு பரவும் சங்கிலியை இடையிலே நிறுத்திவிடுகின்றன. ஊறுகாய்க்கு நம் முன்னோர் நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுத்தது காரணமின்றி அன்று.

ஈரத்தால் விளைந்த நஷ்டம்

நிலக்கடலையை நீர் தெளித்து ஊறவைத்து உடைக்கும் வழக்கம் நம் பக்கத்திற்குப் புதிதன்று. சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து பிரெஞ்சு தேசத்து மார்ஸேல்ஸ் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கடலைப் பருப்பு கப்பலேறிய காலத்தில், நனைத்து உடைத்த பருப்பு வழியிலேயே புளித்துக் கெட்டு, நம் சரக்கின் மதிப்பைக் குறைத்தது. நனைத்தால் பருப்பு உடையாது, எடையும் கூடும் என்பதே அன்றும் இன்றும் அவ்வழக்கத்திற்குக் கூறப்படும் நியாயம்.

எமது வட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியானவர் இவ்வாறு நனைத்து உடைத்த பருப்பை, நல்ல விலை வரட்டும் என்று, ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரோரம் மூட்டையாய் அடுக்கி வைத்தார். தை மாதத்தில் அவிழ்த்தபோது வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, எண்ணெய் ஆலைச் சரக்காய்க் கூட முழு விலை தர மறுத்துவிட்டார். மீந்ததைச் செக்கிலாட்டி வீட்டிற்கு வைத்துக்கொண்டனர். அவ்வெண்ணெயிற் செய்த பலகாரத்தைக் குழந்தைகள் உண்ணவில்லை.

மறு ஆண்டு அவர் வீட்டிலேயே ஒரு செயல்விளக்கம் செய்து காட்டினேன். ஒரே களத்துக் கடலையில் ஒரு பகுதியை நன்கு காய்ந்த காயாகவும், ஒரு பகுதியை உலர்ந்தபடியே உடைத்த பருப்பாகவும், ஒரு பகுதியை நனைத்து உடைத்த பருப்பாகவும் மூன்று சாக்குகளில் வைத்தோம். மழைக்காலம் கழிந்தபின் ஊரார் முன்னிலையில் அவற்றை அவிழ்த்தோம். காயாக வைத்தது புதிதுபோல் இருந்தது. உலர்ந்த பருப்பு சற்றே வாடை பிடித்திருந்தது. நனைத்தது பூஞ்சணம் பூத்துக் காறல் வீசியது. நனைத்ததால் கூடிய எடையையும் கெட்டதால் இழந்த விலையையும் அக்குடியானவரே கணக்கிட்டுக் காட்டி, இனி நனைப்பதில்லை என்று கூறினார். பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷமும் உண்டாகலாம். அதனை மனிதருக்கோ மாட்டிற்கோ கொடுத்தல் கூடாது.

செய்ய வேண்டுவன

1. நிலக்கடலைக் காயை ஈரம் நூற்றுக்கு 8 பங்கிற்குக் கீழ் வரும்வரை உலர்த்துக. காயைக் குலுக்கினால் பருப்பு ஓசையிட வேண்டும். பருப்பைத் தேய்த்தால் சிவப்புத் தோல் எளிதிற் கழல வேண்டும். எள்ளை 5 அல்லது 6 பங்கு ஈரம் வரையில் மெல்லியதாய்ப் பரப்பி உலர்த்துக.

2. கடலையைக் காயாகவே சேமித்து வைத்து, விற்கும் சமயத்திலோ ஆட்டும் சமயத்திலோ மட்டும் உடைக்க. உடைக்குமுன் நனைத்தல் கூடாது. மண்வெட்டி பட்டதும், பூச்சி துளைத்ததும், முதிராததுமான காய்களைப் பொறுக்கி நீக்குக.

3. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குக. புதிய சரக்கின் அருகே பழைய சரக்கையும் பழைய சாக்கையும் வைத்தல் ஆகாது.

4. பச்சரிசித் தவிட்டை ஆலையிலிருந்து கொண்டுவந்தவுடன் பயன்படுத்துக; வைக்க வேண்டுமாயின் உடனே வறுத்து ஆறவைத்து மூடி வைக்க. கம்பு மாவைச் சில நாட்களுக்கு வேண்டிய அளவே திரிக்க.

5. எண்ணெயை நிழலில், மூடிய பாத்திரத்தில், வாய்வரை நிரப்பி வைக்க. பாதி வெறுமையாய் வைத்தால் அவ்வெற்றிடத்துக் காற்றே கேட்டிற்குப் போதும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமும், பீங்கான் ஜாடியும் நல்லவை. ஈயம் பூசாத செம்பும் பித்தளையும், துருவேறிய தகரமும் ஆகா. தெளிவதற்காகப் பல நாள் வெயிலில் வைக்கும் வழக்கத்தை விட்டு, நிழலில் தெளியவைத்து வடிகட்டுக.

6. பழைய எண்ணெயின்மேல் புதிய எண்ணெயை ஊற்றலாகாது. பாத்திரத்தைக் கழுவி, முற்றும் உலர்த்திய பின்னரே நிரப்புக. பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதலும் தீது.

7. செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் சிறிது எஞ்சியிருக்குமாதலின் அதுவும் காறும். சில வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, உலர்ந்த இடத்தில் வைக்க.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவலாம். அறுவடைக் காலத்தில் ஊர்ப் பொது உலர்களத்தை வேறு காரியங்களுக்கு விடாமல் காத்தல் வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் உலர்களத்தையும் கிடங்கையும், அங்கே சரக்கை வைத்துப் பெறக்கூடிய பொருளீட்டுக் கடனையும் சிறு குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். கடன் நெருக்கடியால் ஈரச் சரக்கை விற்போரும், விலைக்குக் காத்திருந்து ஈர மூட்டையை அடுக்குவோரும் இவ்வுதவியை அறியாதவர்களே.

எள்ளும் கடலையும் நம் நிலத்தில் நின்று ஆக்கித் தரும் இவ்வமிலத்தை நம் உடல் தானே ஆக்க இயலாது. கெட்டபின் அதனை மீட்கவும் எவராலும் இயலாது. களத்தில் மேலும் இரண்டு நாள் காய்ச்சல், உடைப்பதில் சிறிது பொறுமை, பாத்திரத்திற்கு ஒரு நல்ல மூடி ஆகிய இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். குடியானவர்கள் இவற்றைக் கைக்கொண்டு, தம் சரக்கின் விலையையும் தம் குடும்பத்தின் ஆரோக்கியத்தையும் ஒருங்கே காத்துக்கொள்வார்களாக.